பினாங்கு அணைகளைச் செயற்கைக்கோளில் பார்ப்பவர்களுக்கு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஆயர் ஈத்தாம், தெலுக் பகாங், மெங்குவாங் ஆகிய மூன்று அணைகளையும் வீட்டில் உட்கார்ந்தபடியே, காசு செலவில்லாமல், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் தொடர்ந்து கவனித்து வரலாம். கோப்பர்னிக்கஸ் பிரவுசர், கூகுள் எர்த் என்ஜின் என்ற இணையதளங்களில் ஏதாவது ஒன்று போதும். படம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அதிலிருந்து வரும் எண்ணை நம்பலாமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கலங்கல் ஏறிவிட்டது, பாசி பரவிவிட்டது என்று வண்ணப்படம் காட்டினால், அது கணக்கில் நடந்ததா, வெளிச்சத்தில் நடந்ததா, உண்மையிலேயே தண்ணீரில் நடந்ததா என்று பிரித்துப் பார்க்கும்வரை அதை வாட்சாப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். இது குடிக்கிற தண்ணீர். படத்தில் ஆபத்து என்று தவறாக விழும் சிவப்பு ஒரு தாமானையே (குடியிருப்பையே) பாட்டில் தண்ணீர் வாங்க ஓடவைக்கும். சுத்தம் என்று தவறாக விழும் நீலம் அதைவிட மோசம், உண்மையான சிக்கலை மூடி மறைத்துவிடும்.

தொடங்குமுன் மூன்று விஷயங்கள். சென்டினல்-2 நம் தலைக்கு மேல் கடப்பது மலேசிய நேரப்படி காலை பதினொன்றரை மணி வாக்கில். இரண்டு செயற்கைக்கோள்கள் (இனி சுருக்கமாகக் கோள்) சேர்ந்து 5 நாளுக்கு ஒரு முறை வரும். கோள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பட்டைகளாகப் பதிவுசெய்கிறது. நீலம், பச்சை, சிவப்புப் பட்டைகளில் ஒரு பிக்சல் 10 மீட்டர். பாசிக்கு மிகவும் தேவைப்படும் 705 நானோமீட்டர் பட்டையில் 20 மீட்டர். கடைசியாக, கோள் அளப்பது நிறத்தை மட்டும்தான். கலங்கலும் பச்சையமும் அந்த நிறத்திலிருந்து நாம் ஊகிப்பவை.

2022லிருந்து கலங்கல் திடீரென்று ஏறியிருக்கிறது, பச்சையம் படுத்துவிட்டது

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பல்கலைக்கழக மாணவி ஒருவர் வரைபடத்தை அனுப்பி, "அக்கா, 2022க்கு அப்புறம் தெலுக் பகாங் தண்ணி இவ்வளவு மோசமாயிடுச்சா?" என்று பதறிப்போய்க் கேட்டார். தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டி வைக்கிறார்கள். இருண்ட பரப்புகளில் எண் சுழிக்குக் கீழே போய் வெட்டுப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பயன்படுத்துகிறவர் முதலில் 1000ஐக் கழித்துவிட்டு, பிறகு 10,000ஆல் வகுக்க வேண்டும்.

கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பிக்சலில் போட்டுப் பாருங்கள். கோப்பில் சிவப்பு 1200, 705 நானோமீட்டர் பட்டை 1300 என்று வைத்துக்கொள்வோம். சரியான எதிரொளிப்பு, அதாவது விழுந்த வெளிச்சத்தில் திரும்பி வரும் பங்கு, 0.020, 0.030. இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பச்சையக் குறியீடு 0.2 வரும். கழிக்காமல் போட்டால் 0.120, 0.130 ஆகி, குறியீடு 0.04க்கு விழுந்துவிடும். சிவப்பை மட்டும் நம்பும் கலங்கல் கணக்கோ ஆறு மடங்கு எகிறும். கலங்கல் ஒரே தாவலாக ஏறி, அதே நாளில் பச்சையம் தட்டையாகிவிட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

தேதியை மட்டும் வைத்துக் கழிப்பதும் ஆபத்துதான். பழைய படங்களையும் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். 2018ல் எடுத்த படத்திலும் அந்த 1000 இருக்கலாம். கோப்பின் பெயரிலேயே 'என்' (N) எழுத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரும். அது 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழியுங்கள். எர்த் என்ஜினில் 'ஹார்மொனைஸ்டு' என்று முடியும் தொகுப்பில் ஏற்கெனவே கழித்தே கொடுக்கிறார்கள். அங்கேயும் போய்க் கழித்தால் அணை முழுக்க எதிர்மறை எண்கள்தான் வரும்.

கணக்கு வெளியூர் ஆய்வுக் கட்டுரையோடு மூன்று மடங்கு விலகுகிறது

சில சூத்திரங்கள் நீரின் எதிரொளிப்பைக் கேட்கும். சில அதை பையால், அதாவது 3.14ஆல், வகுத்த அளவைக் கேட்கும். நீர்ப்பரப்புப் படங்களைத் திருத்தும் அகோலைட் மென்பொருள் இரண்டையும் வெவ்வேறு பெயரில் தரும். எதை எதில் போட்டீர்கள் என்று பாருங்கள். அவ்வளவுதான்.

அணை முழுவதும் ஒரே நாளில் வெளிறிப்போயிருக்கிறது

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய அறிகுறி இது. நான்கு வேறு காரணங்கள் ஏறக்குறைய ஒரே தோற்றத்தைத் தரும்: சூரியப் பளபளப்பு, புகைமூட்டம், மெல்லிய மேகம், உண்மையான சேறு. பிரித்தறிய 11ஆம் பட்டையைத் திறக்கவும். அது 1610 நானோமீட்டர், குற்றலை அகச்சிவப்பு. அந்த வெளிச்சத்தை நீர் அப்படியே விழுங்கிவிடும். சேறு கலந்திருந்தாலும் விழுங்கும். ஆகவே அணையின் நடுவில் 11ஆம் பட்டை சுழியை ஒட்டியே இருக்க வேண்டும். அங்கே 0.02க்கு மேல் கண்டால் அந்தப் பிக்சலில் இருந்து எந்தக் கலங்கல் எண்ணையும் நான் எடுப்பதில்லை. தண்ணீருக்கு மேலே ஏதோ இருக்கிறது.

11ஆம் பட்டை சுழியை ஒட்டி இருந்து, சிவப்பு மட்டும் நன்றாக ஏறியிருந்தால் அது சேறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆற்றுமுகத்திலிருந்து நாக்கு நீட்டியதுபோல் நிறம் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய நாட்களில் மழை பெய்ததா என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பதிவில் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் கிட்டத்தட்ட உறுதி.

11ஆம் பட்டையும் ஏறி, எல்லாப் பட்டைகளும் ஒரே அளவில் தூக்கியிருந்து, பக்கத்துக் காடு மட்டும் தெளிவாக இருந்தால் அது சூரியப் பளபளப்பு. நாம் நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைதான் வடக்கே இருக்கிறோம். மார்ச், ஏப்ரலிலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் அந்தப் பதினொன்றரை மணிக்குச் சூரியன் மற்ற மாதங்களைவிட உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். காற்றடித்துச் சிற்றலை எழுந்தால் போதும், வெளிச்சம் நேராகக் கோளின் கண்ணில் தெறிக்கும். இன்னோர் அடையாளமும் உண்டு. சென்டினல்-2 கருவியில் 12 உணரிகள் வரிசையாக, ஒன்று விட்டு ஒன்று சற்று வேறு கோணத்தில் பார்க்கும்படி அமைந்திருக்கின்றன. பளபளப்பு இருந்தால் மெங்குவாங்கைப் போன்ற அகலமான பரப்பில் ஒரு பட்டை வெளிச்சம், பக்கத்தில் ஒரு பட்டை இருட்டு என்று நேர்கோட்டில் எல்லை விழலாம். ஓர் அணையில் பாசி ஒருபோதும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வளராது.

புகைமூட்டம் வேறு மாதிரி. நீலத்தில் மிக அதிகமாகவும் சிவப்பில் குறைவாகவும் 11ஆம் பட்டையில் சொற்பமாகவும் இருக்கும். காட்டின் மேலும் பால் ஊற்றியதுபோல் படியும். தென்மேற்குப் பருவக்காற்றில் சுமத்ராவிலிருந்து புகை வரும் மாதங்களில் இதை எதிர்பாருங்கள். 2015, 2019 ஆண்டுகளின் படங்களை யாராவது நீண்ட தொடரில் சேர்த்தால் அந்த மாதங்களைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். வளிமண்டலத் திருத்தம், அதாவது இடையில் உள்ள காற்று சேர்த்த வெளிச்சத்தைக் கழிக்கும் கணக்கு, மிதமான புகையைச் சமாளிக்கும். அடர்ந்த புகையில் அது தரும் எண்ணை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. மெல்லிய மேகத்துக்கு 10ஆம் பட்டை, 1375 நானோமீட்டர். மேலே மேகம் இல்லாவிட்டால் அது ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும். அணைக்கு மேல் வெண்மையாக ஏதாவது தெரிந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள். இந்தப் பட்டை திருத்தப்பட்ட கோப்பில் இருக்காது, மூலக்கோப்பில்தான் கிடைக்கும்.

ஒரு வார்த்தை சென்2கோர் என்ற திருத்த மென்பொருள் பற்றி. நாம் சாதாரணமாகத் தரவிறக்கும் திருத்தப்பட்ட படம் அதில்தான் செயலாகிறது. அது நிலத்துக்காக எழுதப்பட்டது. நீருக்கு அகோலைட்டோ, ஸ்னாப் மென்பொருளில் இருக்கும் சி2ஆர்சிசி திருத்தக் கருவியோ போட்டுப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு வழியில் சிந்திப்பவை. இரண்டும் ஒரே திசையில் சொன்னால் எனக்கு நம்பிக்கை வரும். விலகினால் அந்த விலகலையே குறித்து வைப்பேன், வசதியானதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கரையோரம் மட்டும் எப்போது பார்த்தாலும் பச்சை

ஆயர் ஈத்தாமில் இதைத் தவிர்க்கவே முடியாது. 1962ல் கட்டி முடித்த அந்த அணை கொடிமலை அடிவாரத்தில், காடு சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. கொள்ளளவு சுமார் 216 கோடி லிட்டர். தெலுக் பகாங் 1,824 கோடி, மெங்குவாங் 8,640 கோடி. சின்ன அணை என்றால் நடுநீர் குறைவு, கரை அதிகம்.

காட்டு இலைகள் அண்மை அகச்சிவப்பில் மிகப் பிரகாசமானவை. அந்த வெளிச்சம் காற்றில் சிதறிப் பக்கத்து நீர்ப் பிக்சல்களிலும் விழுகிறது. கோள் அதைத் தண்ணீரிலிருந்து வந்ததாக எண்ணும். 705 நானோமீட்டரில் கொஞ்சம் ஏறினாலே பச்சையக் குறியீடு குதித்துவிடும். அது மட்டுமல்ல, 20 மீட்டர் பிக்சல் பாதி மரத்திலும் பாதி நீரிலும் விழுந்தால் கலப்படம் நிச்சயம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கரையிலிருந்து நடுவை நோக்கி ஒரு கோடு போட்டு, கோடு நெடுக 8ஆம் பட்டையின் (அண்மை அகச்சிவப்பு) எண்களை எடுங்கள். கரையிலிருந்து தள்ளத் தள்ள ஒரே சீராகக் குறைந்துகொண்டு போனால் அது காட்டின் வெளிச்சம். உண்மையான பாசி அப்படிச் சீராக எல்லாக் கரையையும் சுற்றி நிற்காது; காற்று தள்ளும் பக்கத்தில் ஒதுங்கும். தீர்வுக்கு, நீர்ப்பரப்பின் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு 20 மீட்டர் பிக்சல்களை உள்ளே தள்ளி வெட்டிவிடுங்கள். மீதி மிகக் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைவுதான் நேர்மையானது. ஓடை சேரும் குறுகிய கைகளைப் பற்றி 10 மீட்டர் கோளால் எதுவும் சொல்ல முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடை வாயில்தானே அழுக்கு முதலில் தெரியும் என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே ஆள்தான் போக வேண்டும்.

வறட்சியில் கரையைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம்

நீர்மட்டம் இறங்கியிருக்கிறது. அணை நிறைந்திருந்த நாளில் வரைந்த எல்லையையே இன்றைக்கும் பயன்படுத்தினால், வெளியே தெரியும் செம்மண்ணைக் கலங்கிய தண்ணீர் என்று கணக்குப் போடும். ஒவ்வொரு படத்துக்கும் அன்றன்றைய நீரெல்லையைப் பச்சைப் பட்டையும் 11ஆம் பட்டையும் வைத்துப் புதிதாக எடுங்கள். மேகம் விடாத மாதங்களில் எல்லைக்கு மட்டும் சென்டினல்-1 ரேடாரைக் கேட்கலாம். அதற்கு மேகம் ஒரு பொருட்டல்ல. ஆனால் தண்ணீரின் தரத்தைப் பற்றி ரேடாருக்கு ஒன்றும் தெரியாது.

பாசி இருக்கிறது. நச்சுப் பாசியா?

சென்டினல்-2ஐ வைத்துச் சொல்ல முடியாது. நீலப்பச்சைப் பாசியைக் காட்டிக்கொடுக்கும் நிறமி 620 நானோமீட்டர் வாக்கில் ஒளியை உறிஞ்சும். சென்டினல்-2ல் அங்கே பட்டையே இல்லை. சென்டினல்-3ல் இருக்கிறது, ஆனால் அதன் பிக்சல் 300 மீட்டர். தீவின் அணைகளுக்கு அது உதவாது. குறியீடு உயர்ந்தால் "பச்சையம் அதிகம்" என்று மட்டும் எழுதுங்கள். நஞ்சு என்ற சொல் ஆய்வகச் சோதனைக்குப் பிறகு வரட்டும்.

8ஆம் பட்டையும் காட்டைப்போல் பிரகாசித்தால் அது நீருக்குள் இருக்கும் பாசியே அல்ல. ஆகாயத்தாமரை போல மேலே மிதக்கும் செடியாகவோ, திரண்டு மிதக்கும் பாசிப் படலமாகவோ இருக்கும். அதன் மேல் கலங்கல் சூத்திரத்தை ஓட்டினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை.

இன்றைக்குப் பச்சை, அடுத்த படத்தில் ஒன்றுமில்லை என்றால் உடனே பிழை என்று தள்ளிவிடாதீர்கள். நீலப்பச்சைப் பாசிகளில் பல, செல்லுக்குள் இருக்கும் காற்றுப் பைகளால் ஒரே நாளில் மேலே வரும், கீழே இறங்கும். அணை முழுவதற்கும் ஒரே சராசரி எடுத்தால் ஒரு மூலையில் ஒதுங்கிய பாசி அதில் கரைந்துபோகும். சராசரியோடு, மிக உயர்ந்த 5 விழுக்காட்டுப் பிக்சல்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் வரைந்து பாருங்கள்.

கோள் சொல்வது சுத்திகரிப்பு ஆலையின் அளவோடு ஒட்டவில்லை

முதலில் கடிகாரம். கோப்பில் இருப்பது உலகப் பொது நேரம்; நாம் 8 மணி முன்னால். 03:40 என்று போட்டிருந்தால் இங்கே முற்பகல் 11:40. அதை விடியற்காலை என்று எடுத்துக்கொண்டு முந்தைய மாலையின் மாதிரியோடு ஒப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இடையில் ஒரு மழை பெய்திருந்தால் ஒப்பீடே வீண். முன்னும் பின்னும் 3 மணி நேரத்துக்குள் எடுத்த மாதிரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆழம். கோள் பார்ப்பது வெளிச்சம் புகுந்து திரும்பும் மேலடுக்கை. ஆலைக்கு நீர் எடுக்கும் வாய் அதற்குக் கீழே இருக்கலாம். மலையிலிருந்து வரும் மழைவெள்ளம் அணை நீரைவிடக் குளிர்ந்தது, மண் சுமந்து கனத்தது. அது பல நேரம் மேலே பரவாமல் அடியில் புகுந்து ஓடும். மேலே கண்ணாடி போலத் தெளிவு, கீழே என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) ஏறுகிறது என்பது முரண்பாடு அல்ல, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்து அடிச்சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வருவதும் இப்படித்தான், மேலே எந்தத் தடயமும் இருக்காது.

மூன்றாவது, அந்த ஆலை அணை நீரைத்தான் எடுக்கிறதா? பினாங்கின் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. மெங்குவாங் பெரும்பாலும் அவசரத்துக்கு வைத்திருக்கும் கையிருப்பு. ஆற்று நீரின் கலங்கலை அணைப் படத்தில் தேடினால் கிடைக்காது.

ஆண்டுச் சராசரி ஆண்டுதோறும் அருமையாக வருகிறது

என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான், ஏனென்றால் இதில் எந்தப் படத்திலும் பிழை இருக்காது. டிசம்பர் கடைசியிலிருந்து தைப்பூசம் தாண்டி சில வாரங்கள் வரை பினாங்கில் வானம் தெளிவு. நல்ல படங்கள் அப்போதுதான் குவியும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழையும் மேகமும், படம் அரிது. மலைச்சரிவு கரைந்து அணைக்குள் மண் இறங்குவதோ அந்த மழை மாதங்களில். கொடிமலையில் முற்பகலிலேயே மேகம் திரளும் நாட்களில் அடிவாரத்து அணை மேலும் சில படங்களை இழக்கும். கடைசியில் நம் கையில் இருப்பது வறண்ட நாட்களின் சராசரி. அதற்கு "ஆண்டுச் சராசரி" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

மாதவாரியாக எத்தனை தெளிவான படங்கள் கிடைத்தன என்பதை எண்ணிக்கையாக வரைபடத்தின் அடியிலேயே போடுங்கள். அக்டோபருக்கு ஒரு படம்கூட இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், இரு பக்கத்து மாதங்களை வைத்து நிரப்பாதீர்கள். மழை முடிந்து கிடைக்கும் முதல் தெளிவான படத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். நான் எந்தச் சராசரியையும்விட அதைத்தான் மதிக்கிறேன். அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 கோள்களின் படங்களைச் சேர்த்தால் இடைவெளி கொஞ்சம் அடையும். 30 மீட்டர் பிக்சல் என்பதால் ஆயர் ஈத்தாமுக்கு அதிகம் உதவாது, மெங்குவாங்குக்கு உதவும்.

படம் சுத்தம், குழாயில் நாற்றம்

படத்தை விடுங்கள், புகார் கொடுங்கள். சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவுகள் உண்டு: கரைந்த ஆக்சிஜன், உயிரிய ஆக்சிஜன் தேவை, வேதிய ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள், அமில-காரத்தன்மை. இந்த ஆறில் நிறமாகக் கோளுக்குத் தெரிவது துகள் ஒன்றுதான். 2020 செப்டம்பரில் சிலாங்கூரில் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவின் வாடையால் சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல லட்சம் வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. அந்த வாடையைச் சென்டினல்-2ன் எந்தப் பட்டையிலும் தேடிப் பிடிக்க முடியாது.

எல்லாச் சோதனையும் தாண்டிய பிறகும் எண் உயர்ந்தே இருக்கிறது

அப்படியானால் சொல்ல வேண்டும், காத்திருக்கக்கூடாது. பினாங்கு நீர் விநியோக வாரியத்துக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் எழுதும்போது வண்ணப்படத்தை மட்டும் அனுப்பினால் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. கோப்பின் முழுப் பெயர், மலேசிய நேரத்தில் படம் எடுத்த நாளும் மணியும், எந்தத் திருத்த மென்பொருள், கரையிலிருந்து எவ்வளவு வெட்டினீர்கள், அணையின் நடு, ஆற்றுமுகம், அணைக்கட்டு ஓரம் என மூன்று புள்ளிகளில் 4 (சிவப்பு), 5 (705 நானோமீட்டர்), 8, 11ஆம் பட்டைகளின் எண்கள், இவற்றுக்கு முந்தைய தெளிவான படத்தில் அதே புள்ளிகளின் எண்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அணைப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் இறங்கி மாதிரி எடுக்கப் போக வேண்டாம். நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு அந்தக் காவல் தேவை. எந்த மூலையில், எந்த ஆயத்தொலைவில் மாதிரி எடுத்தால் விஷயம் தெளியும் என்று எழுதிக் கொடுங்கள். பாசி இடம் மாறுமுன், சேறு அடியில் படியுமுன் அவர்கள் போய் எடுக்க வேண்டும், அதனால் படம் வந்த அன்றைக்கே அனுப்புங்கள்.